வெல்மோரிக்குப் பிறந்த பிள்ளை

எங்கள் அடுக்ககத்தில் ஒரு புது மொழி பிறந்ததற்குக் காரணம் ஈரக் குப்பை.

பெங்களூரில் சர்ஜாபுரா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தார் முடிந்து மண் தொடங்கி, சரி, வழி தவறிவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில் எங்கள் 'வெல்மோரா' இருக்கிறது. மாயாஜாலக் கதையில் வருகிற நகரம் மாதிரி ஒரு குடியிருப்பு கட்ட வேண்டும் என்று பில்டருக்கு ஆசை. வாசலில் இறக்கை வைத்த இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள். அதில் ஒன்றின் இறக்கை மழையில் விழுந்துவிட்டது. அது பராமரிப்புக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. வெல்மோரா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டவருக்கு, "கார் பார்க்கிங் தனி" என்று பில்டர் பதில் சொன்னதாகக் கேள்வி.

ஈரக் குப்பையைப் பச்சை வாளியில் போடுங்கள் என்று லிஃப்டில் கன்னடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மறுநாள் பக்கத்தில் இந்தியில் ஒன்று வந்தது. அதைப் பார்த்துத் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, வங்காளத்தில் ஒன்று. முதலில் லிஃப்டின் கண்ணாடி மறைந்தது, பிறகு பொத்தான்கள் மறைந்தன. எந்த மாடிக்குப் போகிறோம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தோம். வாட்ஸ்ஆப் குழுவில் நடந்த சண்டையில் பலர் ரோஷப்பட்டு வெளியேறினார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்கிற செய்தி அந்தக் குழுவில் மட்டும்தான் வரும் என்பதால் விடிந்ததும் திரும்பி வந்தார்கள். குப்பை மட்டும் எந்த மொழிக்கும் கட்டுப்படாமல் கிடந்தது.

அப்போதுதான் எங்கள் சங்கத் தலைவர் அனந்தபத்மநாபன் அந்த யோசனையைச் சொன்னார். மாநில அரசில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

"நம் பிரச்சினையே ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி சொந்தமாக இருப்பதுதான்" என்றார். "நமக்குத் தேவை யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி. அரசாங்கப் புறம்போக்கு மாதிரி. யாரும் பட்டா கேட்க முடியாது. ஆனால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஆக்கிரமித்துக்கொள்ளலாம். நான் பணியில் இருந்தபோது பல பெரிய பிரச்சினைகளை இப்படித்தான் தீர்த்திருக்கிறேன்."

மொழியைச் செய்து தர ஆள் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது டவரில் இருக்கிற லீனாவுக்கு அதுதான் வேலை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் டிராகன்களும் குட்டிச்சாத்தான்களும் பேசிக்கொள்வதற்கு மொழி செய்து கொடுப்பார். ஒரு மாதத்தில் 'வெல்மோரி' என்ற மொழியைச் செய்து முடித்துப் பொதுக்குழுவில் அறிமுகம் செய்தார். இந்தக் கூட்டங்களெல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தன. வெல்மோரிதான் யாருக்கும் தெரியாதே. நான் தமிழில் சொல்கிறேன்.

"வெல்மோரியில் கோபச் சொல் கிடையாது, புகார்ச் சொல் கிடையாது" என்றார் லீனா. கண்களில் உண்மையான ஒளி. "லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று வெல்மோரியில் சொல்லவே முடியாது. லிஃப்ட் தியானத்தில் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்."

பராமரிப்புக் குழு எழுந்து நின்று கைதட்டியது.

"சாதி கிடையாது, ஊர் கிடையாது. முன்னோர்களும் கிடையாது. தாத்தா, பாட்டன், பரம்பரை, ஒன்றுக்கும் சொல் இல்லை. முன்னோர் உள்ளே வந்தால் பின்னாலேயே அவர்கள் மொழி வரும். மொழி வந்தால் லிஃப்டில் நோட்டீஸ் வந்துவிடும்."

அதற்கும் கைதட்டல். அப்புறம் பெயர்கள். குடியிருப்புக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வெல்மோரியில் ஒரு பெயர் வேண்டும், கேட்டில் காவலர்கள் அதைச் சொல்லித்தான் சல்யூட் அடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெயர் உருவாக்கும் முகாம் கிளப் ஹவுசில் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். உங்களுக்குள் என்ன ஒலி கேட்கிறது என்று லீனா கேட்பார். எனக்கு ஜெனரேட்டர் ஒலி கேட்டது. அதைச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து நானே கேட்காத எதையோ கேட்டு, "தா" என்று எழுதிக்கொண்டார். முதல் துண்டு உள்ளொலி, நடுத்துண்டு டவர், கடைசித் துண்டு நற்பண்பு. என் பெயர் 'தாரெவின்' ஆயிற்று. வாடகைக்கு வந்தாலும் நட்சத்திரம் என்று அர்த்தமாம். தலைவருக்கு 'அஸ்தெலோர்'. கூட்டம் கலைந்த பிறகும் தலைமை தாங்குபவர்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் 'லோர்' என்றும், வாடகைக்காரர்கள் பெயரெல்லாம் 'வின்' என்றும் முடிவதை இரண்டாவது டவர்க்காரர் ஒருவர் கவனித்துக் கேட்டார்.

"அது ஏற்றத்தாழ்வு இல்லை, ஓசை நயம்" என்றார் லீனா. மறுவாரத்திலிருந்து நீச்சல் குளத்தில் லோர்களுக்குக் காலை நேரம், வின்களுக்கு மாலை நேரம் என்று ஆயிற்று. அதுவும் ஓசை நயம்தான் போலிருக்கிறது.

என் சொந்தப் பெயர் ரகு. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். சாஃப்ட்வேரில் அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. என் மனைவி தீபிகா ஆரணிக்காரி. அவளுக்கும் அதே மாதிரி வேலைதான், வீட்டிலும் செய்வாள். 'இலுமெவின்' என்று பெயர் எழுதிய அட்டையை அவளிடம் கொடுத்தபோது, "ஆபீஸ் கார்டுலயே என் பேரைத் தப்பாத்தான் போட்டிருக்கான். இதுவும் ஒண்ணு இருந்துட்டுப் போவுது, விடுங்க" என்றாள். அவளுக்கு வெல்மோராவில் பிடித்தது ஒன்றே ஒன்று, கீழ்த்தளத்தில் இருக்கிற குழந்தைகள் காப்பகம். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். லீவு முடிந்ததும் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். அந்தக் காப்பகம் இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

சங்கதி அப்பாவுக்குத் தெரிந்ததும் மர்பி டவுனிலிருந்து கிளம்பி வந்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

"யாரைப் பாக்கணும்?"

"ரகுவை."

"அப்படி யாரும் இங்க இல்லை."

"ஏம்ப்பா, என் பையன்பா. நான் பெத்த பையன்."

"வெல்மோரிப் பெயர் சொல்லுங்க."

நான் கீழே இறங்கிப் போனபோது அப்பா கழுத்தில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற தற்காலிகப் பெயர் கொடுப்பார்கள். அப்பாவுக்கு 'உலெந்தா' என்று கொடுத்திருந்தார்கள். அர்த்தம் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"போகப்போறவரா? எழுவது வயசு ஆளைப் பாத்து வைக்கிற பேராடா இது?"

"நீ திரும்பிப் போயிடுவேங்கற அர்த்தத்துலப்பா."

"எந்த அர்த்தத்துலயும் நல்லா இல்லை" என்று அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

காபி குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். பையன் பிறந்தால் தன் பெயரை வைக்க வேண்டும். அவர் பெயர் சாமிநாதன். என் அக்கா சொர்ணத்துக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் அவள் புகுந்த வீட்டுப் பெயர்தான் வைத்தார்கள். நான்தான் பாக்கி.

"என் பேரை இதுவரைக்கும் யாருடா சரியா யூஸ் பண்ணாங்க?" என்றார். "உங்கம்மா இருந்தவரைக்கும் 'இந்தாங்க'தான். ஆபீசுல முப்பது வருசம் 'ஸ்டோர்ஸ்'னு கூப்பிட்டாங்க. ஏரியாவுல 'ரகு அப்பா'. பேரு வச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே புதுசா இருக்குதுடா. சும்மனே வேஸ்ட்டா போகக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அப்பா என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் கேட்டது இது ஒன்றுதான். சரிப்பா என்றேன்.

பையன்தான் பிறந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டு சிங்கங்களுக்கும் மாலை போட்டிருந்தது. தலைவரும் லீனாவும் பூச்செண்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். மொழி வந்த பிறகு வெல்மோராவில் பிறந்த முதல் குழந்தையாம் எங்கள் பிள்ளை. உலகத்தில் வெல்மோரியைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் மனிதன்.

"தாய்க்கே தெரியாதே சார்" என்றாள் தீபிகா.

"அது ஒரு சின்னத் தடை" என்றார் தலைவர்.

பிள்ளைக்குப் பெயர் உருவாக்க ஒரு குழு போட்டார்கள். கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருக்காத குறைதான். அதற்குள் மொழிக்குப் பழம்பெருமை வந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய வெல்மோரிதான் தூய்மையானது, இப்போது பேசுவது கலப்படம் என்று முதல் டவர்க்காரர்கள் சொன்னார்கள். இரண்டிலும் யாருக்கும் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது என்பதால் விவாதம் கடுமையாக இருந்தது. வாடகைக்காரன் பிள்ளை என்பதால் 'வின்' போடுவதா, மொழிக்கே சொந்தக்காரன் என்பதால் 'லோர்' போடுவதா என்பதில் ஓர் இரவு போயிற்று. கடைசியில் ஒரு புது விகுதி கண்டுபிடித்தார்கள். பெயர்: வியோந்தரேல்மிரு. விடியலின் முதல் மூச்சாக நான்காவது டவரில் தோன்றி, அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் தராதவன்.

"நல்லா இருக்கு சார்" என்றேன். "இதையும் வச்சிக்கறோம். எங்கப்பா பேரும் வைக்கணும்னு..."



"அப்பா பெயரா?" என்றார் லீனா. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி முகம் வாடிப்போயிற்று. "உங்களுக்கெல்லாம் பழைய பெயர் இருந்தது, அது உங்கள் துரதிர்ஷ்டம். இவனுக்காவது ஒரே மொழி, ஒரே பெயர் இருக்கட்டும். இன்னொரு பெயர் வைத்தால் இவன் தாய்மொழியாளன் இல்லை."

"வச்சா என்ன ஆகும்?" என்றேன்.

விதியைத் தலைவர் படித்தார். வெல்மோரிப் பெயர் இல்லாத பிள்ளை, குடியிருப்பவர் ஆகாது. விருந்தாளிதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கு வந்து பாஸைப் புதுப்பிக்க வேண்டும். காப்பகத்தில் விருந்தாளிகளைச் சேர்க்க முடியாது.

"இருபது நாள் குழந்தை சார்."

"விதியில் வயது வரம்பு இல்லை. அதுதான் வெல்மோரியின் சமத்துவம்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மிஸ்டர் தாரெவின், நான் அறுபத்தாறு வருஷமாகத் தமிழ் பேசுகிறேன். தமிழ் எனக்கு என்ன செய்தது? வெல்மோரியில் வந்த முதல் நாளே நான் தலைவர். மொழி என்றால் இப்படி இருக்க வேண்டும்."

நாங்கள் யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு நாள் எங்கள் பிள்ளை விருந்தாளியாக இருந்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவனுக்குப் பசிக்கும், அதே நேரத்துக்குப் பாஸும் முடியும். பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தீபிகா லிஃப்டில் ஏறி இறங்கினாள். கேட்டில் போட்டோ எடுக்கும்போது அவன் கண்ணைத் திறக்க மாட்டான். திறந்தால்தான் பாஸ். மூன்றாவது முறை காவலரே, "மேடம், பாப்பா தூங்கட்டும், நான் கண்ணைத் திறந்துக்கறேன்" என்று தன் முகத்தைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ராத்திரி தீபிகா அழுதாள். "உங்கப்பா ஆசையும் எனக்குப் புரியுது. ஆனா என்னால வேலையை விட முடியாதுங்க" என்றாள். வீடா, அப்பாவா என்று யாராவது கேட்டால் சினிமாவில்தான் சட்டென்று பதில் சொல்ல முடியும்.

வழி சொன்னது அக்கா சொர்ணம். விவேக் நகரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்கப் பேரம் பேசுகிறவள்.

"இதுக்கு ஏன்டா இவ்ளோ கிரிகிரி? அத்தைக்காரி நான்தானே காதுல பேரு சொல்லணும்? அவங்க வெளியில பாடறதைப் பாடட்டும். காதுல நான் சொல்றது சொல்றதுதான்."

ஒரே பெயர்தான் என்று குழுவிடம் ஒப்புக்கொண்டு வந்தேன். பெயர் சூட்டு விழா எங்கள் பார்ட்டி ஹாலில் நடந்தது. தொட்டிலுக்கு ஒரு பக்கம் ஆரணி, மர்பி டவுன் சொந்தங்கள், இன்னொரு பக்கம் வெள்ளை அங்கி போட்ட வெல்மோரிப் பாடகர் குழு. அவர்கள் இரண்டு கையையும் தூக்கி வியோந்தரேல்மிரு என்று நான்கு ராகத்தில் இழுத்தார்கள். தலைவர் பேசினார். கூட்டம் கலையவில்லை, ஆனாலும் நீண்ட நேரம் தலைமை தாங்கினார். பிறகு அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வெற்றிலையால் ஒரு காதை மறைத்து, இன்னொரு காதில் குனிந்தாள். லீனா மைக்கோடு ஓடி வந்தார். முதல் தாய்மொழியாளனின் காதில் விழுகிற முதல் சொல்லைப் பதிவு செய்ய வேண்டுமாம்.

"தள்ளுங்கம்மா" என்று அக்கா மைக்கை முழங்கையால் ஒதுக்கினாள். "காதுல சொல்றதை மைக்குல சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்லை."

மூன்று தடவை சொன்னாள். எதிர்ப்பக்கம் நின்ற அப்பாவுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவள் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடை எடுக்கப் போய்விட்டார்.

பெயர் வைத்தாயிற்று. சிக்கல் மறுநாள் காலையில் ஆரம்பித்தது.

பிள்ளை தீபிகாவின் புடவையில் பாலைக் கக்கினான். அவள், "டேய், சா..." என்று ஆரம்பித்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிரே, விருந்தாளிப் பாஸைப் புதுப்பித்துக்கொண்டே எங்களோடு தங்கிவிட்ட அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எப்படித் திட்டுவது? ஆபீசில் அமெரிக்க மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "வாய் வரலைங்க, நான் என்ன பண்றது?" என்றாள். எனக்கு மட்டும் வருகிறதா? பெற்ற அப்பன் பெயரை 'டா' போட்டுக் கூப்பிட நாக்கு கூசியது. அக்காவுக்கும் அப்படித்தான்.

சரி, அப்பாவாவது கூப்பிடட்டும் என்று பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். வாயைத் திறந்தார். மூடினார். சுற்றிலும் பார்த்தார்.

"எனக்கே வெக்கமா இருக்குடா. என் பேரை நானே 'வாடா, போடா'ன்னா, கேக்கறவன் லூசுன்னு நினைப்பான்."

பிள்ளையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, "அந்த லிஃப்ட் பாஷையில ஏதோ வச்சாங்களே, என்னடா அது?" என்று கேட்டார்.

முழுசாகச் சொன்னேன். கடைசித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். "மிரு. ம்... வாடா மிரு." பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டில் அவன் மிருதான். மிரு, பால் குடி. மிரு, செருப்பை வாயில வைக்காதே. வெல்மோரிப் பெயரைச் சுருக்கக் கூடாது, தூரத்திலிருந்து கத்தக் கூடாது, கோபத்தில் சொல்லவே கூடாது என்று மூன்று விதிகள் உண்டு. தீபிகா மூன்றையும் ஒரே மூச்சில் மீறுவாள். அப்பாவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று எனக்கு உறுத்தல். ஒருநாள் கேட்டேன்.

"நகையைத் தினமுமா போட்டுக்கறோம்? உள்ள இருக்குதில்ல, போதும்" என்றார். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்த ஒன்றரை வருடத்தில் வெல்மோரிக்கு வயதாகிவிட்டது. லிஃப்டில் ஒட்டிய வெல்மோரி நோட்டீஸ் யாருக்கும் புரியவில்லை என்று அதன் கீழே கன்னடத்தில் ஒரு விளக்கம் ஒட்டினார்கள். அதைப் பார்த்து இந்தியில் ஒன்று வந்தது. பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. மொழியே தேவையா என்று பொதுக்குழுவில் கேள்வி வந்தது. வெல்மோரியை அன்றாடம் பேசுகிற ஒரு வீட்டையாவது காட்டுங்கள், இல்லையென்றால் அதற்கு ஒதுக்கிய அறையைப் பிங்பாங் ஆடக் கொடுங்கள் என்றார்கள். தலைவருக்கும் லீனாவுக்கும் மிச்சமிருந்தது எங்கள் வீடு மட்டும்தான். போதாக்குறைக்கு, நான்காவது டவர் பிள்ளைக்கு ரகசியமாக இன்னொரு பெயர் இருக்கிறது என்று யாரோ குழுவில் கிளப்பிவிட்டார்கள். உண்மையானால் பிள்ளை மறுபடியும் விருந்தாளி. காப்பகமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரை இருந்து, பிள்ளையை வீட்டில் எந்தப் பெயரில் கூப்பிடுகிறோம் என்று காதால் கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அக்காவும் வந்திருந்தாள். தலைவர் அப்பாவைப் பார்த்து முறைப்படி, "உங்க பேரு?" என்று தமிழில் கேட்டார்.

"சாமிநாதன். ரகுவோட அப்பா."

முதல்நாள் ராத்திரியே, வாய் தவறி எதுவும் வந்துவிடக் கூடாது என்று ஒருவரை ஒருவர் எச்சரித்திருந்தோம். பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எச்சரித்திருக்கவே வேண்டாம். எந்தப் பெயர் வந்துவிடுமோ என்று பயந்தோமோ, அதைச் சொல்லக்கூடிய நாக்கு இந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மருமகள் சொல்ல மாட்டாள், மகன் சொல்ல மாட்டான், மகள் சொல்ல மாட்டாள், பெயருக்கு உரியவருக்கு வெட்கம். இதைவிடப் பத்திரமான இடம் எந்த பேங்க்கிலும் இல்லை.

மிரு, இங்க வா. மிரு, அதைத் தொடாதே. ஐயோ மிரு, அங்கிள் பேனாவைக் குடுடா. மதியத்துக்குள் லீனா கைக்குட்டையை எடுத்துவிட்டார். பெயரைச் சுருக்குகிறோம், கத்துகிறோம், திட்டுகிறோம் என்பதையெல்லாம் அவர் மறந்துவிட்டார். "ஒரு நாள்கூட யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை" என்றார். "எட்டு மொழி செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் டிராகன்கள்தான் பேசின."

எனக்கு அந்தப் பெண்ணிடம் பிரியம் வந்தது அப்போதுதான்.

எல்லாம் நல்லபடி முடிந்து, அக்கா மிருவுக்குச் சாயங்காலத் தோசையை ஊட்டிக்கொண்டிருந்தாள். லீனா கடைசியாகப் பிள்ளையின் வாயிலிருந்தே கேட்டுவிட வேண்டும் என்று குனிந்து, தன் அரைகுறைத் தமிழில், "உன் பேர் என்ன?" என்றார்.

"மிரு."

பூரித்துப்போனார். அதோடு விட்டிருக்கலாம். நாற்காலியில் இருந்த அப்பாவைக் காட்டி, "இவங்க பேர்?"

"மிரு" என்றான்.

அக்காவின் கையில் தோசை அப்படியே நின்றது. வாய் தவறாமல் நாள் முழுக்கக் காத்ததை இவன் ஒரே சொல்லில் போட்டு உடைத்துவிட்டான். ஊட்டும்போதெல்லாம் அவள்தான் அவனிடம், உனக்கும் தாத்தாவுக்கும் ஒரே பேருடா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிள்ளை பாவம், தனக்குத் தெரிந்த ஒரே பெயரைத் தாத்தாவுக்கும் கொடுத்துவிட்டான்.

லீனாவுக்குப் புரியவில்லை. தலைவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் அப்பா சொன்ன பெயர் அவருக்கு நினைவிருந்தது. அப்பாவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டிருந்த தீபிகாவைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா பார்வையைத் திருப்பவில்லை. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"சார், தப்பு என்னுதுதான். பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதீங்க. பேரை வேணா..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்கோ" என்றார் தலைவர். பிறகு லீனாவிடம் இங்கிலீஷில், "எழுதிக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் பிள்ளையை வேறு எந்தப் பெயரிலும் கூப்பிடுவதில்லை."

"தாத்தா பெயரும் அதுதான் என்கிறானே? பெரியவர் வெல்மோரிக்கு மாறிவிட்டாரா?"

"தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

லீனா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, பொதுக்குழுவுக்குச் சேதி சொல்ல லிஃப்டை நோக்கி ஓடினார். தலைவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். தேட ஒன்றும் இல்லை, காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எனக்கு எங்க தாத்தா பேரு" என்றார், யாரையும் பார்க்காமல். "எங்கம்மா கடைசி வரைக்கும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பேராச்சே. அம்பின்னுதான் கூப்பிடுவா."

"இப்ப யார் சார் அப்படிக் கூப்பிடறாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இப்ப யாரும் இல்லை."

மிரு தோசை வாயோடு வாசலுக்கு வந்து, தலைவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். அவர் லிஃப்ட் பக்கம் எட்டிப் பார்த்தார். லீனா போயிருந்தார். மெதுவாக முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். தலைவர் எங்கள் அப்பாவுக்கு மகனும் இல்லை, மருமகளும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு என்ன தடை?

"வரட்டுமா, சாமிநாதா?"

அப்பாதான் முதலில், "போயிட்டு வாங்க" என்றார். பேரன் அதற்குப் பிறகுதான் கையை ஆட்டினான்.